கியோட்டோவில் ஒரு முதல் டிகாக்‌ஷன்

ஒசாகாவில் என்னுடன் மூன்று வாரம் தங்க வந்த அம்மாவுக்கு ஜப்பானில் பிடிக்காமல் போனது டீ ஒன்றுதான். "கீரை வேக வச்ச தண்ணிய பாட்டில்ல அடைச்சு விக்கிறான்" என்பாள். அதனாலேயே ஒரு செவ்வாய்க்கிழமை கியோட்டோவுக்கு, தெராமாச்சி தெருவில் உள்ள இப்பொதோ கடைக்குக் கூட்டிப்போனேன். அம்மா காதில் அது 'இப்போதோ' என்று விழுந்தது. "இப்போதோ, அப்போதோ, குடிக்கிற மாதிரி இருந்தா சரி" என்றாள்.

1717-இல் தொடங்கிய கடை. வாசலில் துணித் திரை, உள்ளே டீத்தூள் விற்கும் நீளமான மேசை, பக்கத்திலேயே கபொகு என்ற டீ அறை. மண்டி போட்டு உட்காரும் சடங்கெல்லாம் இங்கே இல்லை, நாற்காலிதான். அம்மாவின் முழங்காலுக்கு அதுவே பாதி நிம்மதி. இங்கே டீயை நாமே போட வேண்டும், கடைப்பெண் பக்கத்தில் நின்று சொல்லித்தருவார்.

அம்மாவுக்குக் கியோகுரோ. பறிப்பதற்கு முன் 20 நாள் போலச் செடிக்கு நிழல் கட்டி வளர்க்கும் இலை. வெயில் குறைந்தால் இலையில் துவர்ப்பு ஏறாமல் இனிப்பு தங்கும். 10 கிராம் இலைக்கு 80 மில்லி தண்ணீர், அவ்வளவுதான். அதுவும் 60 டிகிரி. தெர்மாமீட்டர் கிடையாது. வெந்நீரை ஒரு கப்பிலிருந்து இன்னொரு கப்புக்கு மாற்றினால் ஒவ்வொரு முறையும் 10 டிகிரி போலக் குறையும் என்று காட்டினார். நம்மூரில் போட்ட டீயை ஆற்றுவோம். இங்கே டீ போடுவதற்கு முன்பே தண்ணீரை ஆற்றிவிடுகிறார்கள்!

ஒன்றரை நிமிடம் கழித்து ஊற்றும்போது, கடைசிச் சொட்டு வரை வடிக்கச் சொன்னார். தண்ணீர் உள்ளே நின்றால் அடுத்த சுற்று கசந்துவிடுமாம். அம்மா கெண்டியைக் கவிழ்த்து மணிக்கட்டால் இரண்டு உதறு உதறினாள், முப்பது வருஷம் காபி ஃபில்டரைத் தட்டிய அதே கை.

ஒரு வாய்தான் இருக்கும். முருங்கைக்கீரை சூப்பின் வாசம், நாக்கில் எண்ணெய் போல ஒரு கெட்டித்தன்மை, பிறகு நெடுநேரம் தித்திப்பு. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "இது டீ இல்லடா. முதல் டிகாக்‌ஷன்" என்றாள். இதைவிடச் சரியாக நான் எங்கும் கேட்டதில்லை. அதே இலையில் இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று என்று போட்டுக்கொண்டே போகலாம். சுவை இளைத்து, சாதாரண டீக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

நான் எடுத்தது சென்ச்சா, நிழல் கட்டாமல் வெயிலில் வளர்க்கும் பச்சை டீ. 80 டிகிரித் தண்ணீர், ஒரு நிமிடம். நான் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்ததில் இரண்டு நிமிடம் தாண்டிவிட்டது, வாய் வறள வறளக் கசப்பு. தப்பு முழுக்க என்னுடையது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

கூடவே ஒரு இனிப்பு. வெள்ளை பீன்ஸையும் சர்க்கரையையும் அரைத்துப் பூப்போல் பிடித்தது, கிட்டத்தட்டக் கொழுக்கட்டைப் பூரணம். சைவக்காரர்களுக்குப் பெரும்பாலும் பயமில்லை. பசியோடு மட்டும் போகாதீர்கள், வயிற்றுக்கு ஒன்றும் இல்லை. காசும் கொஞ்சம் கூடத்தான், ஆனால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கைத்தொழில் கற்ற கூலி என்று நினைத்தால் எனக்கு உறுத்தவில்லை.

கிளம்பும்போது கியோகுரோ பாக்கெட்டின் விலையைப் பார்த்து அம்மா திரும்ப வைத்துவிட்டாள். ஹோஜிச்சாவை எடுத்தாள். வறுத்த இலை, கொதிக்கிற தண்ணீரை அப்படியே ஊற்றி அரை நிமிடத்தில் வடித்தால் போதும், ஆற்றும் வேலை இல்லை.

கும்பகோணம் போய்ச் சேர்ந்த மறுநாளே ஃபோன். "அந்த வறுத்ததுல பால் ஊத்திப் பாத்தேன்டா. அப்பா ரெண்டாவது டம்ளர் கேக்குறார்."