கட்டண எஸ்இஓ வழிகாட்டியா, கூகுளின் இலவச வழிகாட்டியா?

சிஎம்சி மருத்துவமனைக்கு மேற்கு வங்கத்திலிருந்து வருவோரை நம்பி வேலூரில் விடுதி நடத்தும் ஒருவர், தம் இணையதளத்தைக் கூகுள் தேடலில் முன்னுக்குக் கொண்டுவர (இதுவே எஸ்இஓ), கட்டண வழிகாட்டி வாங்குவதா, கூகுள் 2008 முதல் இலவசமாகத் தரும் தொடக்க வழிகாட்டியைப் படிப்பதா என்று கேட்டால், இரண்டாவதை முதலில் படித்து முடிக்கச் சொல்வேன். தலைப்பு எழுதுவது, பக்கங்களை இணைப்பது, படங்களுக்கு விளக்கம் தருவது ஆகிய அடிப்படைகள் அதிலேயே உள்ளன. விலைக்கு வரும் நூல்கள் பலவும் இவற்றையே விரித்துச் சொல்கின்றன.

கட்டண நூலின் பலம், சிதறிக் கிடப்பதை எடுத்துக்காட்டுகளோடு வரிசைப்படுத்தித் தருவது. ஆம்பூரிலிருந்து காலணி ஏற்றுமதி செய்வோர், பல நாடுகளுக்கும் மொழிகளுக்கும் தனிப் பக்கங்கள் அமைக்கும்போது அதற்குப் பணம் தரலாம். ஆனால் பதிப்பு எந்த ஆண்டினது என்று பார்த்தாக வேண்டும். பக்கத்தின் நிரலில் மறைவாக எழுதும் குறிச்சொற்களான மெட்டா கீவேர்டுகளைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-இலேயே அறிவித்துவிட்டது; பக்க அனுபவ அளவீடுகளில் முதல் சொடுக்குக்கான தாமதத்தை மட்டும் அளந்த எஃப்ஐடி-க்குப் பதிலாக, எல்லாச் சொடுக்குகளுக்கும் பக்கம் எவ்வளவு விரைவாகப் பதிலளிக்கிறது என்று பார்க்கும் ஐஎன்பி 2024 மார்ச்சில் வந்தது. மெட்டா கீவேர்டுகளை இன்னும் வலியுறுத்தும் நூலையும், ஐஎன்பி-யை அறியாத நூலையும் தயங்காமல் ஒதுக்கலாம். அட்டையிலேயே முதலிடத்துக்கு உத்தரவாதம் தந்திருந்தால் உள்ளே புரட்டவே வேண்டியதில்லை. அப்படி எவராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே சொல்கிறது.