பென் டிரைவா, ஹார்டு டிஸ்க்கா, கூகுள் டிரைவா? வீட்டுப் படங்களை எங்கே வைப்பது

மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ கல்யாணத்துக்கு ஸ்டுடியோ பிடித்தால், கனமான ஆல்பத்தோடு ஒரு சின்னப் பெட்டியில் பென் டிரைவும் தருகிறார்கள். முன்பு டிவிடி கொடுத்த இடத்தில் இப்போது இது. வீட்டுக்காரர்கள் அதை பீரோவில் நகைக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். ஐந்தாறு வருடம் கழித்து, பிள்ளையின் பிறந்தநாளுக்குத் திரையில் போட்டுக் காட்டலாம் என்று எடுத்துச் செருகினால், 'டிஸ்க்கைப் பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று விண்டோஸ் சொல்கிறது. கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிற என் மேஜைக்கு அடிக்கடி வரும் பொருள் இதுதான். "மக்கா, இதுல கிடக்கத எப்படியாவது எடுத்துத் தந்துரு" என்று ஒரு அம்மா கையில் வைத்து நீட்டும்போது, முடியாது என்று சொல்ல நாக்கு எழும்புவதில்லை. அதனால்தான் எது எப்படிக் கெடும், எதை எதற்கு நம்பலாம் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பென் டிரைவ். மேல் உறையைப் பிரித்தால் உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு பச்சைப் பலகை இருக்கும். முன்னால் யூஎஸ்பி முனை, நடுவில் கன்ட்ரோலர் என்ற சின்ன சிப், பின்னால் படங்கள் கிடக்கும் நினைவக சிப். மடிக்கணினியில் செருகியபடியே யாராவது இடித்துவிட்டால் முனையை ஒட்டிய ஈயப் பற்று விரியும். இது நல்ல நோய். லென்ஸை வைத்துப் பார்த்து, விட்ட இடத்தில் மறுபடி சால்டர் வைத்தால் பெரும்பாலும் எல்லாம் திரும்பக் கிடைத்துவிடும்.

கன்ட்ரோலர் போனால் கதை வேறு. கணினியில் டிரைவ் எழுத்து வரும். திறந்தால் 'டிஸ்க்கைச் செருகவும்' என்று கேட்கும், கொள்ளளவு பூஜ்யம் என்று காட்டும். படங்கள் நினைவக சிப்பில் அப்படியே இருக்கலாம். ஆனால் எந்தத் துண்டு எங்கே கிடக்கிறது என்ற கணக்கு கன்ட்ரோலருக்கு மட்டுமே தெரியும். நிலம் இருக்கிறது, சர்வே எண் பதிவேடு போய்விட்டது என்ற நிலைமை. சிப்பைக் கழற்றி, தனிக் கருவியில் படித்து, துண்டுகளைக் கோர்க்கும் லேபுகள் உண்டு. அந்த வேலைக்கு ஆகும் காசில் நல்ல ஹார்டு டிஸ்க்கே வாங்கலாம். இன்னொரு வகையில் பலகையே கிடையாது, கன்ட்ரோலரும் நினைவகமும் சேர்ந்து ஒரே கறுப்புச் சில்லாக இருக்கும். நகம் அளவே உள்ள பென் டிரைவ்கள் பெரும்பாலும் இப்படித்தான். அவற்றில் கை வைப்பது இன்னும் சிரமம்.

பீரோவில் சும்மா இருந்த பென் டிரைவ் ஏன் கெட வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இந்த நினைவகம் தகவலை மின்னூட்டமாகத்தான் பிடித்து வைத்திருக்கிறது. சிப்புக்குள் ஊட்டம் தங்கும் நுண்ணிய அறைகள் இருக்கின்றன. ஆரம்ப காலச் சிப்புகளில் ஒரு அறைக்கு ஒரு பிட். ஊட்டம் உண்டா இல்லையா என்று இரண்டே நிலை. இன்று மலிவு விலைக்காக ஒரே அறையில் மூன்று பிட், நான்கு பிட் என்று அடைக்கிறார்கள். அதாவது 8 நிலைகள், 16 நிலைகள். ஊட்டம் வருடக்கணக்கில் மெல்லக் கசியும், வெக்கையில் இன்னும் வேகமாகக் கசியும். நிலைகளுக்கு இடையே இடைவெளி குறைந்த சிப்பில், கொஞ்சம் கசிந்தாலே எண் மாறிப்போகும். இதற்கு எந்த முன்னறிவிப்பும் கிடையாது. நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை, அவ்வளவுதான். 64 ஜிபி என்று அச்சடித்து உள்ளே 8 ஜிபி மட்டும் வைத்த போலிகளும் சந்தையில் உண்டு. அவற்றில் நகல் எடுத்தபோதே பாதிப் படங்கள் போயிருக்கும், திறந்து பார்க்கிற நாளில்தான் தெரியும். வாங்கியவுடன் எஃப்3, எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற இலவச நிரலில் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துப் பார்ப்பது நல்லது.

இப்போது ஹார்டு டிஸ்க்கைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இதில் தகவல் காந்தப் பதிவாகத் தட்டில் இருக்கிறது, மேலே சொன்ன மின்னூட்டக் கசிவு இதற்குக் கிடையாது. எனக்கு இதில் மிகவும் பிடித்த குணம், சாவதற்கு முன் பெரும்பாலும் சொல்லிவிடும். ஃபைல் திறக்க நேரமாகும், உள்ளே டக்டக் என்று சத்தம் வரும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச நிரலைப் போட்டால், கெட்டுப்போய் மாற்று இடம் கொடுத்த பகுதிகள் எத்தனை என்று எண்ணிக்கையே காட்டும். அது ஏறிக்கொண்டே போனால் அன்றைக்கே வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிட வேண்டும். பென் டிரைவ்களில் இப்படிப் பார்க்க வசதி பெரும்பாலும் இல்லை.

ஹார்டு டிஸ்க்கின் பலவீனம் கீழே விழுவது. சுற்றிக்கொண்டிருக்கும்போது மேஜையிலிருந்து விழுந்தால் படிக்கும் முனை தட்டில் உரசிவிடும். அதற்கப்புறம் தூசியில்லாத அறை வைத்திருக்கும் லேபுக்குத்தான் அனுப்ப வேண்டும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று யூஎஸ்பி வாயை அரித்துவிடும். பச்சை பூத்த வாய்களைத் துடைத்துத் துடைத்தே நான் நிறைய டிஸ்க்குகளை எழுப்பியிருக்கிறேன். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெறுகிற ஊர் நமது. இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு போட்டு வைத்தால் போதும்.

எஸ்எஸ்டி என்பது சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே பதியும் டிஸ்க். வேகமானது, விழுந்தாலும் தாங்கும். தினமும் வீடியோ எடிட் செய்கிறவர்களுக்கு அதுதான் சரி. ஆனால் உள்ளே இருப்பது பென் டிரைவின் அதே இன நினைவகம், தரம் மட்டுமே உயர்வு. எழுதி எழுதித் தேய்ந்துபோன சாதாரண எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தகவலைப் பிடித்திருந்தால் போதும் என்றுதான் சிப் தொழிலுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிர்ணயமே கேட்கிறது. புதிய எஸ்எஸ்டி அதைவிட நெடுநாள் தாங்கும். இருந்தாலும், ஒரே கொள்ளளவுக்கு விலையும் கூடுதல் என்பதால், பூட்டி வைக்க நான் அதைச் சொல்வதில்லை.

டிவிடியைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. வீட்டுக் கணினியில் பதிவுசெய்த டிவிடியின் சாயம் மங்கும், அதைப் போட்டுப் பார்க்க இன்றைய பல கணினிகளில் வாயும் இல்லை. பழைய டிவிடி இருந்தால் இந்த வாரமே நகல் எடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் சும்மா போட்டனுப்பிய படம் சுருங்கிப்போன படம், மூலத்துக்கு ஈடாகாது.

கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியே வேறொரு நிறுவனத்தின் கணினியில் சேமிப்பதற்கு வருவோம். கூகுள் கணக்கில் 15 ஜிபி இலவசம். 2021 ஜூன் 1 முதல் கூகுள் போட்டோஸில் ஏற்றும் படங்களும் அந்த 15 ஜிபியில் சேர்ந்துவிடுகின்றன. இன்றைய கல்யாண வீடியோ ஒன்றுக்கே அது காணாது. பணம் கட்டி இடம் வாங்கினாலும், 64 ஜிபியை நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் ஏற்ற 14 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அது பரவாயில்லை, ஒரு ராத்திரி ஓடவிட்டால் முடிந்துவிடும். எனக்குப் பெரிய கவலை வேறு இரண்டு. ஒன்று, ஃபோனில் அழித்தால் அங்கேயும் அழியும்; போட்டோஸில் ஏற்றிய படம் குப்பைத் தொட்டியில் 60 நாளும், கூகுள் டிரைவில் ஃபைல் 30 நாளும்தான் இருக்கும். இரண்டாவது, கணக்கு யார் கையில் என்பது. இங்கே வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருக்கிறார்கள். போகும்போது பழைய சிம்மை விட்டுவிடுகிறார்கள், பாஸ்வேர்டும் மறந்துபோகிறது, ஓடிபி போகிற நம்பர் வேறு யாருக்கோ போய்விடுகிறது. இரண்டு ஆண்டு தொடாத கணக்கைக் கூகுள் அழிக்கவும் செய்யலாம்.

அப்படியானால் கிளவுடு எதற்கு? வீடே போகும் நாளுக்கு. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறி வந்த குளச்சலிலும் மணக்குடியிலும் ஆல்பமும் நெகட்டிவும் ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் மரமும் மின்கம்பமும் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்போது நெட்டும் இல்லைதான், ஆனால் கரண்டு வந்தபோது கிளவுடில் இருந்தது அப்படியே இருந்தது. 2021 நவம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறிய பகுதிகளில், கீழ்த்தட்டில் வைத்த டிஸ்க் எவ்வளவு நல்லதாக இருந்து என்ன பயன்?

பீட்டர் குரோக் என்ற புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 கணக்கு இதற்குத்தான்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். நம் ஊருக்கு நான் இதை இப்படிப் பிரிப்பேன். முழுத் தொகுப்பும் இரண்டு ஹார்டு டிஸ்க்கில். ஒன்று வீட்டில், மற்றொன்று கடற்கரைக்காரர்கள் குலசேகரத்திலோ திருவட்டாரிலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டில், மேடான இடமாகப் பார்த்து. அதிலிருந்து பொறுக்கிய சில நூறு படங்களும் ஸ்கேன் செய்த பத்திரங்களும் கிளவுடில். பென் டிரைவ் பிரிண்ட் போடக் கொண்டுபோக மட்டும்.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை தனியாக. கடைக் கணக்கு எழுதும் டாலி மென்பொருளின் நகலை (பேக்கப்) எடுக்கும் பென் டிரைவைக் கணினியிலேயே செருகி விட்டுவைக்கிறார்கள். ஃபைல்களைப் பூட்டி வைத்துப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் நுழைந்தால் கணினியில் உள்ளதையும் அதையும் ஒரே மூச்சில் பூட்டிவிடும். நகல் எடுத்ததும் கழற்றிவிட வேண்டும். இரண்டு ஹார்டு டிஸ்க்கை வாரம் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நான் பார்த்தவற்றில் மிகப் பாந்தமான முறை.

ஏற்கெனவே பென் டிரைவ் அடம்பிடிக்கிறதா? ஃபார்மட் கேட்டால் 'வேண்டாம்' கொடுங்கள். திரும்பத் திரும்பச் செருகிப் பார்க்காதீர்கள், அதன்மேல் எதையும் எழுதாதீர்கள். கணினி அதன் கொள்ளளவைச் சரியாகக் காட்டினால், ஃபோட்டோரெக் என்ற இலவச நிரல் படங்களைத் தேடி எடுத்துத் தரும்; எடுத்ததை வேறு டிஸ்க்கில் சேமிக்க வேண்டும். கொள்ளளவு பூஜ்யம் என்றால் நிரல் எதுவும் உதவாது, லேபுதான்.

டிஸ்க் மாற்ற நாள் வேண்டுமென்றால் ஓணமும் கிறிஸ்துமஸும் வசதி. எப்படியும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறோம், வீட்டு டிஸ்க்கில் புதுப் படங்களை ஏற்றி எடுத்துப்போய், அங்கே இருப்பதை வாங்கி வரலாம். வந்ததும் நடுவிலிருந்து ஒரு வீடியோவைத் திறந்து கடைசிவரை ஓடுகிறதா என்று பாருங்கள், டிஸ்க்கின்மேல் டேப் ஒட்டித் தேதி எழுதுங்கள். கூகுள் கணக்கின் பாஸ்வேர்டையும் மீட்பு எண்ணையும் ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள்.