டி-பெல்ட் விளக்கு அணைந்துவிட்டது என்று நம்பி வண்டியை எடுக்காதீர்கள்

யாங்கோனில் பழைய டீசல் வேன் ஓட்டுகிற நம் ஆட்கள் தயவுசெய்து இதைக் கடைசிவரை படியுங்கள். ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு போன வண்டி நடுரோட்டில் செத்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஆகியிருக்கலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

என் வண்டி டொயோட்டா ஹைஏஸ், 3எல் எஞ்சின், 2,779 சிசி. நான் வாங்கும்போதே 2,40,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. கல்யாண வீடு, வளைகாப்பு, பீலிக்கான் கோயில் என்று நம் குடும்பங்களை ஏற்றிப் போவதுதான் பிழைப்பு. மீட்டர் 3,00,000 தொட்டதும் டி-பெல்ட் என்று எழுதிய விளக்கு எரிந்தது. அதாவது எஞ்சினின் கிராங்க் அச்சையும், வால்வுகளைத் திறக்கிற கேம் அச்சையும் சேர்த்துச் சுற்றவைக்கிற பல் வைத்த டைமிங் பெல்ட்டை மாற்ற வேண்டும். இந்த எஞ்சினுக்கு 1,00,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றியே ஆகவேண்டும், அதில் தள்ளிப்போட இடமே இல்லை.

கொண்டுபோய் விட்ட ஒர்க் ஷாப்காரர் நம்மவர். தமிழில் பேசினார், அப்பாவைத் தெரியும் என்றார். "தம்பி, நீங்க கவலைப்படாதீங்க, ஒரிஜினல் பெல்ட் போட்டுத் தர்றேன்" என்றார். பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர், டீசல் ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து 3 லட்சத்து 20 ஆயிரம் கியாட். எதிர்க்கடையில் மொகிங்கா என்கிற மீன் நூடுல்ஸ் சாப்பிட்டு, ஒரு டீயும் குடித்துவிட்டு வந்தேன். வேலை முடிந்துவிட்டது என்றார். சாவியைப் போட்டேன், விளக்கு எரியவில்லை. சந்தோஷமாகப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

அங்கேதான் ஏமாந்தேன். அந்த விளக்குக்கும் பெல்ட்டுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. அது பெல்ட்டைப் பார்ப்பதில்லை, கிலோமீட்டரை மட்டும் எண்ணுகிறது. மீட்டர் போர்டைக் கழற்றிப் பின்னால் இருக்கிற ஒரு சின்ன ஸ்க்ரூவை இடம் மாற்றினால் விளக்கு அணைந்துவிடும். பெல்ட்டைத் தொடவே வேண்டாம்.

உண்மையில் பெல்ட் மாற்றுவது அரை நாள் வேலை. சீட்டைத் தூக்கி, ஃபேன் கழற்றி, ஓரத்து பெல்ட்டுகளை எடுத்து, கிராங்க் புல்லியைப் புல்லர் போட்டு இழுத்து, அப்புறம்தான் கவரையே திறக்க முடியும். கிராங்க், கேம், டீசல் பம்ப் மூன்றின் மார்க்கும் நேராக வந்த பிறகு பெல்ட்டை ஏற்றி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, மார்க் மறுபடி சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். மொகிங்கா சாப்பிடும் நேரத்தில் முடிகிற காரியமா இது?

நாலு மாதம் கழித்து பகோவுக்கு ஒரு நிச்சயதார்த்தம். காலையில் எஞ்சினை முன்கூட்டிச் சூடாக்குகிற ஹீட்டரின் விளக்கு அணையும்வரை காத்திருந்து, செல்ஃப் அடித்து, ஐந்து நிமிடம் சூடேற்றித்தான் கிளம்பினேன். தவுச்சான் தாண்டி ஹ்லெகூவுக்குக் கொஞ்சம் முன்னால், அடியில் "டப்" என்று ஒரு சத்தம். அடுத்த நொடி எஞ்சின் இல்லை. அந்த பெல்ட்தான் டீசல் பம்பையும் சுற்றுகிறது, அதனால் இருமாமல் திக்காமல் ஒரேயடியாக நின்றது. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. பிரேக்கை லேசாக மிதிக்க உதவுகிற வேக்கத்தைக் கொடுக்கிற பம்ப் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்தது, எஞ்சின் நின்றால் அதுவும் நிற்கும். முதல் இரண்டு மிதிக்குத்தான் பிரேக் பிடித்தது, மூன்றாவது மிதி மரக்கட்டையை மிதித்தது போல இருந்தது. பின்னால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. பின்சீட்டில் பெண்ணின் பாட்டி "முருகா, முருகா" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. உருளுகிற வேகத்திலேயே வலது ஓரம் மண்ணில் இறக்கி, கை பிரேக்கை இழுத்து நிறுத்தினேன்.

கயிறு கட்டி ஹ்லெகூவில் ஒரு பட்டறைக்கு இழுத்துப் போனோம். வயதான பர்மியர், வேலை தெரிந்த மனிதர். கவரைத் திறக்கும் முன் என்னைக் கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டினார். போல்ட் தலைகள் ஒவ்வொன்றிலும் பழைய கிரீஸும் தூசியும் கெட்டியாகப் படிந்து, ஸ்பானர் உட்கார இடமில்லாமல் இருந்தது. "நாலு மாசத்துக்கு முன்னாடி திறந்த கவர் இப்படியா இருக்கும்?" என்று கேட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை. உள்ளே இருந்து பெல்ட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். ஒரு சாண் நீளத்துக்குப் பல்லே இல்லை. மடக்கிப் பார்த்தால் முதுகெல்லாம் வெடிப்பு. கேம் அச்சில் எண்ணெயைத் தடுக்கிற சீல் கசிந்து, பெல்ட் எண்ணெயில் ஊறியிருந்தது. எழுத்து ஒன்றுகூடத் தெரியவில்லை. புது பெல்ட்டில் எழுத்தும் அம்புக்குறியும் பளிச்சென்று இருக்கும்.

எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கினால் வால்வுகள் வளைந்து கிடந்தன. கேம் நின்ற பிறகும் பிஸ்டன் மேலே வந்து திறந்திருந்த வால்வுகளை இடித்திருக்கிறது. மொத்தச் செலவு 19 லட்சம் கியாட். மூன்று வாரம் வண்டி இல்லை. கல்யாண சீசன் அப்படியே போனது.

ஃபில்டரையும் அந்தப் பழைய ஒர்க் ஷாப்காரர் மாற்றவில்லை. வெளியே துடைத்துப் பெயின்ட் அடித்திருந்தார். அடியில் இருக்கிற வடிகுழாய்த் திருகைத் தளர்த்தி, மேலே இருக்கிற கைப் பம்பை அழுத்தி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தோம். கால் டம்ளர் செந்நிறத் தண்ணீர். ரோட்டோரம் பாட்டிலில் விற்கிற டீசலை அவசரத்துக்கு ஊற்றுகிறவர்கள், மழைக்காலத்தில் வாரம் ஒரு முறையாவது இதைச் செய்யுங்கள். தெளிந்த டீசல் வரும்வரை விட்டு, திருகை இறுக்கி, பம்ப் கெட்டியாகும்வரை அழுத்திக் காற்றை எடுங்கள். பத்து நிமிட வேலை.

பெல்ட்டை எடுத்துக்கொண்டு பழைய ஒர்க் ஷாப்புக்குப் போனேன். முதலில் "நான் போட்டதுதான், ஜப்பான் மால் இப்பல்லாம் அப்படித்தான் வருது" என்றார். போல்ட்டை போனில் எடுத்த படத்தைக் காட்டியதும், பையன் ஏமாற்றிவிட்டான் என்றார். பணம் வரவில்லை. பெயரை இங்கே போடவில்லை. நேரில் கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன்.

இனி நான் பழைய பெல்ட், பழைய ஃபில்டர் கையில் வராமல் காசு கொடுப்பதில்லை. வண்டியை விடுவதற்கு முன்னால் ஃபில்டரின் மேல் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுகிறேன். கவர் திறக்கும் நேரத்தில் பக்கத்திலேயே நிற்கிறேன், மூஞ்சியைச் சுளித்தாலும் சரி. கேம் சீலையும் கிராங்க் சீலையும் அதே கையோடு மாற்றச் சொல்கிறேன், சீல் விலை பெரிதில்லை.

போன வருஷம் நீங்களும் "பெல்ட் மாற்றியாச்சு" என்று கேட்டுக் காசு கொடுத்திருந்தால், நாளைக் காலை சவாரிக்கு முன்னால் சீட்டைத் தூக்கி, டார்ச் அடித்து, கவரின் மேல்போல்ட்டுகளைப் பாருங்கள். ஸ்பானர் பட்ட தடம் இல்லையென்றால் ஆட்களை ஏற்றாதீர்கள்.