கணையம் சுரக்காத நாயும் அதன் நாற்றமும்: எங்கள் வீரா அனுபவம்

கணையக் கோளாறு உள்ள நாயின் நாற்றம் வெறும் ஷாம்பூவால் போகாது. இந்த நோய் வந்த நாய் வைத்திருக்கும் பலரும் முதலில் வாங்கப் போவது ஷாம்பூதான் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீரா ஜெர்மன் ஷெப்பர்ட். வீடு கொழிஞ்சாம்பாறைப் பக்கம், பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம். சில வருஷமாகவே அவனுக்கு நொதித் தூள், அதாவது கணையம் சுரக்க வேண்டிய செரிமான நொதிகள் அடங்கிய தூள், கலந்துதான் சோறு வைக்கிறோம். இத்தனை நாளில் எது பலன் கொடுத்தது, எது கொடுக்கவில்லை என்பதை எழுதுகிறேன்.

டாக்டர்கள் இ.பி.ஐ. என்று சுருக்கிச் சொல்வது, கணையம் செரிமான நொதிகளைப் போதுமான அளவு சுரக்காமல் போவது. சுரக்கும் திறனில் சுமார் 90 சதவீதம் போன பிறகுதான் அறிகுறியே வெளியில் தெரியும். ஜெர்மன் ஷெப்பர்ட் இனத்தில் இது அதிகம், இளம் வயதிலேயே வரும். வீரா சட்டி சட்டியாகத் தின்பான், ஆனால் விலா எலும்பை எண்ணலாம். தின்ற கொழுப்பும் மாவும் கறியும் செரிக்காமல் குடலுக்குள் இறங்கினால் அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் பெருகி அதைப் புளிக்க வைக்கின்றன. வயிறு கடகடவென்று உருளும், வாயு ஓயாமல் பிரியும். மலம் வெளுத்த மஞ்சளாக, எண்ணெய்ப் பசையோடு, குவியல் குவியலாக வரும். பசி தாங்காமல் சில நாய்கள் அதையே தின்னும். வீராவும் தின்றான், வாய் நாற்றத்துக்கு அதுதான் காரணம். பக்கத்து வீட்டு அக்கா வந்து, "ஏங் கண்ணு, நாயக் குளிப்பாட்டறதே இல்லையா?" என்று கேட்டார். வாரம் தவறாமல் குளிப்பாட்டிக்கொண்டுதான் இருந்தோம்.

நோயை உறுதி செய்தது டி.எல்.ஐ. என்ற ரத்தப் பரிசோதனை. எட்டுப் பன்னிரண்டு மணி நேரம் பட்டினி போட்டு ரத்தம் எடுப்பார்கள். நாய்க்கென்றே உள்ள பரிசோதனையாக இருக்க வேண்டும், மனிதர்களுக்கான லேபில் கொடுத்துப் பயனில்லை. லிட்டருக்கு 2.5 மைக்ரோகிராமோ அதற்குக் கீழோ வந்தால் இந்த நோய்தான். குடற்புழு மருந்து திரும்பத் திரும்பக் கொடுத்தும் நாய் இளைத்துக்கொண்டே போனால் இந்தப் பரிசோதனையை நீங்களே கேட்டு வாங்குங்கள்.

இனி நொதித் தூள். நாற்றத்தில் பெரும்பங்கு அடங்கியது இதனால்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 10 கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் என்பது பொதுவான தொடக்க அளவு. பிறகு மலத்தைப் பார்த்து டாக்டர் கூட்டுவார் அல்லது குறைப்பார். மேல்பூச்சு உள்ள மாத்திரையைவிடப் பூச்சில்லாத தூள்தான் நன்றாக வேலை செய்கிறது. சோறு ஆறியிருக்க வேண்டும், ஏனென்றால் நொதி சூட்டில் செத்துப்போகும். அம்மா புறங்கையால் சோற்றைத் தொட்டுப் பார்த்து, "இப்பப் போடு சாமி" என்ற பிறகுதான் தூள் டப்பாவையே திறப்பேன். கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஒரு பருக்கைகூடக் காய்ந்து நிற்காமல் பிசைய வேண்டும். காய்ந்த தூள் உதட்டிலும் ஈறிலும் ஒட்டினால் அங்கேயே அரிக்கத் தொடங்கிப் புண்ணாகி ரத்தம் கசியும். நம் கைக்கும் மூக்குக்கும் ஆகாது, அதனால் மின்விசிறிக்கு அடியில் டப்பாவைத் திறக்கக் கூடாது. தின்று முடித்ததும் குடிக்கத் தண்ணீர் வைத்து, ஈரத் துணியால் வாயோரத்தைத் துடைத்துவிடுவேன். பிஸ்கட் ஒன்று கொடுத்தாலும் தூள் இல்லாமல் கொடுப்பதில்லை. விருந்தாளிகள் பாசமாக ஒரு துண்டு முறுக்குப் போட்டால் அன்று ராத்திரி வீடே நாறிவிடும்.

தூள் கிடைக்காத சமயத்தில் பச்சைக் கணையம் கைகொடுத்தது. ஒரு டீஸ்பூன் தூளுக்குப் பதிலாக மாட்டின் பச்சைக் கணையம் 30 முதல் 90 கிராம் வரை பொடியாக நறுக்கிப் போடலாம். தமிழ்நாட்டு எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், மாட்டிறைச்சிக் கடை இருப்பது எங்களுக்கு வசதி. குடலை ஒட்டி வெளிர் ரோஜா நிறத்தில், மணி மணியாகக் கட்டியிருக்கும் அந்தச் சதையை முதல்நாள் காலையிலேயே சொல்லி வைத்தால் கடைக்காரச் சேட்டன் தனியாக எடுத்து வைப்பார். "பட்டிக்கு மருந்தோ?" (நாய்க்கு மருந்தா?) என்று மலையாளத்தில் கேட்டவர், பிறகு காசே வாங்கவில்லை. வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி உறைபெட்டியில் வைத்தால் சில மாதம் வரை சக்தி குறையாது. வேக வைக்கவே கூடாது. பச்சை இறைச்சி என்பதால் கத்தியையும் பலகையையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தூளே நல்லது.

சோற்றிலும் ஒரு விஷயம் உண்டு. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பாலக்காட்டு மட்ட அரிசிதான். அதில் தவிடு ஒட்டியிருக்கும். நார்ச்சத்து அதிகமானால் நொதியின் வேலை கெடும் என்று டாக்டர் சொன்னதால் வீராவுக்கு மட்டும் வெள்ளைப் பச்சரிசியைக் குழைய வடித்து, தோல் நீக்கிய கோழிக்கறி சேர்த்துப் போடுகிறோம், தினம் மூன்று வேளையாகப் பிரித்து.

தூள் ஆரம்பித்த பிறகும் நாற்றம் முழுதாகப் போகாவிட்டால் ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவைப் பாருங்கள். இந்த நோயில் பல நாய்களுக்கு அது குறைந்திருக்கும். வாரம் ஒரு ஊசியாக 6 வாரம், ஒரு மாதம் கழித்து இன்னொன்று என்று போட்டார்கள். குடல் பாக்டீரியாவுக்காக டாக்டர் சில நாள் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்கும் கொடுத்தார். அதை மெடிக்கலில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சியது தோல் நாற்றம். உடம்பில் சத்துச் சேராததால் ரோமம் பிசுபிசுத்துப் போயிருந்தது. தோல் மடிப்புகளிலும் காதுக்குள்ளும் ஈஸ்ட் என்ற பூஞ்சை வளர்ந்து புளித்த வாடை வந்தது. 2 சதவீதம் குளோர்ஹெக்ஸிடினும் 2 சதவீதம் மைக்கோனசோலும் சேர்ந்த ஷாம்பூவை வாரத்துக்கு இரண்டு முறை போட்டோம். நுரை 10 நிமிஷம் உடம்பில் நிற்க வேண்டும், அதற்கு முன் கழுவினால் போட்டதே வீண். அதைவிட முக்கியம் உலர்த்துவது. மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிழக்கிலிருந்து அடிக்கும்போது திண்ணையில் நின்றாலே காய்ந்துவிடுவான். ஆடி மழையில் அடிமயிர் காயாது. அப்போது துண்டால் ஒற்றிவிட்டு, ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்துத் தொடை இடுக்கு வரை காய வைப்பேன். வால் அடியிலும் பின்தொடையிலும் முடியைக் குட்டையாக வெட்டியது செலவில்லாமல் கிடைத்த பெரிய நிம்மதி. பசை மலம் அதில் ஒட்டுவதே நின்றது.

மீன் அழுகிய வாடை திடீரென்று வந்தால் அது ஆசனவாய்ப் பக்கத்துப் பைகளாக இருக்கலாம். மலம் கெட்டியாக இல்லாதபோது அந்தப் பைகள் தாமாகக் காலியாவதில்லை. பின்புறத்தைத் தரையில் தேய்ப்பான், திரும்பித் திரும்பி நக்குவான். டாக்டரிடம் போனால் ஒரு நிமிஷ வேலை.

வேப்பிலை, மஞ்சள் எல்லாம் சொன்னார்கள். மஞ்சள் பூசினால் ரோமம்தான் மஞ்சளாகும். வாசனை ஸ்பிரே நாற்றத்தோடு கலந்து இன்னும் குமட்டுகிறது. டீ ட்ரீ ஆயில் தடவச் சொல்பவர்களும் உண்டு. அது நாய்க்கு விஷம், வேண்டவே வேண்டாம். நாயின் மூச்சில் நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை வந்தால் அது வேறு கதை. சர்க்கரை நோய் முற்றியிருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

19 கிலோவுக்கு இறங்கியிருந்த வீரா இப்போது 29 கிலோ. தினமும் காலையில் அவன் மலத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் எனக்குக் காப்பி. நிறம் வெளுத்தாலோ வாடை ஏறினாலோ முதலில் தூளின் அளவையும் காலாவதித் தேதியையும் பார்ப்பேன். குளியல் பிறகுதான். தூள் ஆயுசுக்கும் தேவை, அதனால் கடைசி டப்பாவைத் திறக்கும் நாளிலேயே அடுத்ததற்கு ஆர்டர் போட்டுவிடுங்கள். இப்போது அவன் மினுமினுப்பைப் பார்த்துவிட்டுக் குட்டிக்காக இணை சேர்க்கலாமா என்று இங்கே பலர் கேட்கிறார்கள். இந்த இனத்தில் நோய் பரம்பரையாக வருவதால் மறுத்துவிட்டோம், கருத்தடை ஆபரேஷனும் செய்தாகிவிட்டது. ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி வாங்கப் போகிறவர்கள் தாய், தகப்பன் நாய்களுக்கு இந்த நோய் இருந்ததா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.