பழைய செவர்லே சி10 பிக்கப்புக்கு முழு வயரிங் கிட்: யார் வாங்கலாம், யாருக்கு வேண்டாம்

1967 முதல் 1972 வரை வந்த சி10 பிக்கப்பின் டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். கம்பெனி போட்ட வயர் பாதி. யார் யாரோ முறுக்கி டேப் சுற்றிவிட்ட வயர் மீதி. இந்த வண்டிகளுக்கென்றே நியூ ஜெர்சியின் அமெரிக்கன் ஆட்டோவயர் ‘கிளாசிக் அப்டேட்’ என்ற முழு வயரிங் கிட்டை விற்கிறது. 1967–68 மாடலுக்கு ஒன்று, 1969–72-க்கு வேறொன்று. வருடத்தைப் பார்த்து ஆர்டர் போடுங்கள்.

வயரை வளைத்தாலே உறை உதிர்கிறதா, எஞ்சினோ ஏசியோ புதிதாக ஏறியிருக்கிறதா, அப்படியானால் தயங்காமல் வாங்கலாம். ஹார்னஸ் (கம்பெனி போட்ட வயர்க் கட்டு) வெட்டுப்படாமல் முழுசாக இருக்கிற வண்டிக்கு இது வீண் செலவு. ஹெட்லைட்டுக்கு இரண்டு ரிலேயும் (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்) ஒழுங்கான எர்த்தும் (மின்சாரம் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி) போட்டாலே பாதிக் குறை தீரும்.

கிட்டின் நல்ல பக்கம் வயரிலேயே தெரிகிறது. ஜிஎக்ஸ்எல் என்ற, வெப்பம் தாங்கும் உறை போட்ட ரகம், 125 டிகிரி செல்சியஸ் தாங்கும். பழைய பிவிசி வயரின் தாக்குப்பிடிப்பு 80–85 டிகிரியோடு சரி. ஒவ்வொரு வயரிலும் அது எந்த வேலைக்கு என்று வழிநெடுக அச்சிட்டிருக்கும். நிறங்களும் ஜெனரல் மோட்டார்ஸ் பழைய நிறங்களே என்பதால் பழைய வயரிங் படமும் கைகொடுக்கும். கண்ணாடி ஃபியூஸ் போய் பிளேடு ஃபியூஸ் வருகிறது, பெட்டி பழைய இடத்திலேயே உட்காருகிறது. பைகளாகப் பிரித்து, பைக்கு ஒரு விளக்கத் தாளும் வைத்திருக்கிறார்கள். எல்லாப் பைகளையும் ஒரே நாளில் பிரித்துக் கொட்டிவிடாதீர்கள். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைப் பிரியுங்கள்.

ஆனால் இது செருகினால் ஓடுகிற சாமான் இல்லை. ஃபியூஸ் பெட்டிப் பக்கம் முடித்துத் தருகிறார்கள். மறுமுனை நீளமாகவே வரும். வண்டியில் வைத்து அளந்து, வெட்டி, டெர்மினல் (வயர் முனையில் மாட்டும் உலோக இணைப்பு) அடிப்பது உங்கள் வேலை. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். டெர்மினல்கள் திறந்த வாய் வகை. கடையில் கிடைக்கும் சிவப்பு, நீல லக் அடிக்கிற சாதாரண பிளேயரால் இதை அமுக்கினால் வாய் தட்டையாகுமே தவிர வயரைக் கவ்வாது. இரண்டு சிறகும் உள்பக்கம் சுருண்டு செம்புக்குள் இறங்க வேண்டும். பின்னாலிருக்கும் இரண்டாவது ஜோடிச் சிறகு உறையைப் பிடிக்க வேண்டும். அதற்கான கிரிம்ப் கருவியை (சிறகை அமுக்கிச் சுருட்டுவது)க் கிட்டோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். அடித்ததும் கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று மேலே ஈயம் வைத்தால், ஈயம் இழைக்குள் ஏறி நிற்கும் இடத்தில் வயர் விறைத்து, அதிர்வில் அங்கேயே ஒடியும்.

பழைய வண்டியில், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் (வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் பாகம்) வெளியே தனியாக இருக்கும். ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கும் 10எஸ்ஐ ஆல்டர்னேட்டருக்கு மாறினால் பக்கவாட்டு பிளக்கில் 1, 2 என்று இரண்டே முனைதான். வோல்ட்டேஜை அறியும் 2-ஐ ஆல்டர்னேட்டரின் போல்ட்டிலேயே குறுக்குவழியாகக் கட்டினாலும் சார்ஜ் ஆகும். ஆனால் மின்சாரம் பிரிந்து போகும் சந்திப்பு வரை கொண்டுபோய்க் கட்டினால்தான் வழியில் குறையும் வோல்ட்டேஜை ரெகுலேட்டர் ஈடுகட்டும். 1-க்குச் சாவி வழியாக வரும் வயரில் சார்ஜ் விளக்கு அல்லது டயோடு இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் ஓடும். ஆல்டர்னேட்டர் பின்வழியாக இக்னிஷனுக்கு மின்சாரம் ஊட்டுவதுதான் காரணம். சார்ஜ் வயரை நேராகப் பேட்டரிக்குக் கொண்டுபோனால் பழைய ஆம்ப்மீட்டர் காட்டுவதற்கு அர்த்தம் இராது, அந்த இடத்தில் வோல்ட்மீட்டர் வையுங்கள். ஃபியூசிபிள் லிங்க் (ஃபியூஸ் போல உருகி வயரைக் காக்கும் துண்டு) வைப்பதாக இருந்தால் காக்கவேண்டிய வயரைவிட நான்கு கேஜ் மெல்லியது (கேஜ் எண் கூடினால் வயர் மெலியும்): 10 கேஜ் வயருக்கு 14 கேஜ் லிங்க்.

இக்னிஷனில் கவனம். கம்பெனி வயரிங்கில் காயிலுக்குப் போவது துணி சுற்றிய ரெசிஸ்டன்ஸ் வயர். எச்இஐ (ஜெனரல் மோட்டார்ஸின் எலக்ட்ரானிக் இக்னிஷன்) டிஸ்ட்ரிபியூட்டரை அதில் மாட்டினால் முழு 12 வோல்ட் கிடைக்காமல் வேகத்தில் தடுமாறும். அதற்கு நேர்மாறாக, பாயின்ட் (காயில் மின்சாரத்தை விட்டுவிட்டு வெட்டும் பழைய தொடுமுனை) வைத்த வண்டிக்கு 12 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் பாயின்ட் சீக்கிரம் கருகும், நடுவில் பல்லாஸ்ட் ரெசிஸ்டர் (மின்சாரத்தைக் குறைக்கும் தடை) வேண்டும்.

ஹெட்லைட் மங்கலுக்குப் பல்பைக் குறைசொல்லிப் பயனில்லை. எச்4 பல்பு இரண்டும் டிம்மில் 9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். அதெல்லாம் டேஷ்போர்டு சுவிட்ச், காலால் மிதிக்கும் டிம் சுவிட்ச் என்று சுற்றி வருகிறது. வழியில் பத்து சதவீத வோல்ட்டேஜ் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் போச்சு. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு 12 கேஜ் வயர் இழுங்கள். ரிலேயின் முனை எண்படி 30-க்குப் பேட்டரி, 87-லிருந்து விளக்கு, 86-க்குப் பழைய சுவிட்ச் வயர், 85 எர்த்.

எந்தக் கிட்டும் தீர்க்காத பிரச்சினை எர்த். பின்னால் சரக்கு ஏற்றும் படுக்கையின் தரை பெரும்பாலும் மரம். பின்விளக்கின் எர்த் படுக்கைத் தகடு, போல்ட், சேஸிஸ் என்று வளைந்து போகிறது. புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டியில் அந்த வழி அடைபட்டுவிடும். பிரேக்கை மிதித்தால் பார்க்கிங் விளக்கு மங்குகிறதா, இண்டிகேட்டரோடு வேறொரு விளக்கும் மினுக்குகிறதா, எர்த்தைப் பாருங்கள். ஒவ்வொரு பின்விளக்குக்கும் தனி எர்த் வயரைச் சுரண்டிய சேஸிஸ் உலோகத்தில் இறுக்குவதே மருந்து. எஞ்சினுக்கும் ஃபயர்வாலுக்கும் (எஞ்சினையும் கேபினையும் பிரிக்கும் தகடு) நடுவில் பின்னல் பட்டை, பாடிக்கும் சேஸிஸுக்கும் இன்னொன்று. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி மைனஸுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் மீட்டர் வைத்தால் 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

ஒரு பக்க பிரேக் விளக்கு மட்டும் எரியவில்லையென்றால் பின்னால் படுத்து வயர் தேடாதீர்கள். இந்த வண்டியில் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் பல்பில் ஒரே இழை. பிரேக் மின்சாரம் ஸ்டீயரிங் தண்டிலுள்ள இண்டிகேட்டர் சுவிட்ச் வழியாகத்தான் பின்னால் போகிறது. தண்டின் பிளக்கில் டெஸ்ட் லேம்ப் வையுங்கள். பிரேக் மிதித்தால் வெள்ளை வயரில் மின்சாரம் வரும். அப்போது இடப்பக்க மஞ்சளிலும் வலப்பக்கக் கரும்பச்சையிலும் வர வேண்டும். வெள்ளையில் வந்து மஞ்சளில் வராவிட்டால் தேய்ந்தது சுவிட்ச். இண்டிகேட்டருக்கு எல்இடி போட்டால் பழைய வெப்ப ஃபிளாஷர் மின்னாது, எலக்ட்ரானிக் வகைக்கு மாறுங்கள்.

பெட்ரோல் முள் ‘ஃபுல்’லைத் தாண்டி ஒட்டிக்கொண்டால் சென்டரின் (டேங்கில் பெட்ரோல் அளவை அறியும் பாகம்) வயரோ எர்த்தோ அறுந்திருக்கிறது, காலியிலேயே கிடந்தால் வயர் எங்கோ பாடியில் ஷார்ட். டேங்க் சீட்டுக்குப் பின்னால்தான் என்பதால் பார்ப்பது சுலபம், ஆனால் பெட்ரோல் வாடை இருக்கும்போது அங்கே தீப்பொறி விடாதீர்கள்.

எல்லாம் முடிந்து முதல்முறை பேட்டரி மாட்டும்போது மைனஸ் கேபிளை நேராகப் போடாமல், கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் 12 வோல்ட் டெஸ்ட் லேம்பைப் பிடியுங்கள். சாவி அணைந்த நிலையில் அது பளிச்சென்று எரிந்தால் ஷார்ட். ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதில் அணைகிறது என்று பாருங்கள். அதற்கு முன்னால் இரண்டு கதவையும் சாத்திவிடுங்கள். இல்லையென்றால் கேபின் விளக்கை ஷார்ட் என்று நினைத்து ஒரு மாலைப்பொழுது போய்விடும்.