மெடிகெய்டு: செலவழித்துக் குறைப்பதா, ஆனுவிட்டி வாங்குவதா?

அமெரிக்காவில் கணவர் பராமரிப்பு இல்லத்தில் சேர்கிறார், மனைவி வீட்டில் இருக்கிறார். இல்லச் செலவை மெடிகெய்டு, அதாவது வருமானமும் சொத்தும் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவித் திட்டம், ஏற்க வேண்டுமானால் சொத்து வரம்புக்குள் இருக்க வேண்டும். இவர்களிடம் அந்தக் கணக்கில் வரும் சொத்து 2,40,000 டாலர். பல மாநிலங்களில் மனைவிக்குப் பாதி, அதாவது 1,20,000 (2025இல் உச்சவரம்பு 1,57,920), கணவருக்கு 2,000 வைத்துக்கொள்ளலாம். மிச்சம் 1,18,000 டாலரை என்ன செய்வது?

முதல் வழி, செலவழிப்பது. வீட்டுக் கடனை அடைக்கலாம், கூரையை மாற்றலாம், இறுதிச்சடங்குக்கு முன்பணம் கட்டலாம். பிள்ளைகளுக்குக் கொடுத்தால் மட்டும் சிக்கல்: விண்ணப்பத்துக்கு முந்தைய 60 மாதக் கணக்கைத் தோண்டுவார்கள். அவசரமும் ஆபத்துதான். மனைவியின் பாதியைக் கணக்கிடுவது கணவர் பராமரிப்பு இல்லத்தில் தொடர்ந்து தங்கத் தொடங்கிய நாளின் இருப்பை வைத்து. அதற்கு முன்பே செலவழித்தால் மனைவியின் பங்கும் சுருங்கும்.

இரண்டாவது, மனைவி பெயரில் ஆனுவிட்டி: மொத்தப் பணத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து மாதத் தவணையாகத் திரும்பப் பெறும் ஒப்பந்தம். 59 மாதம் என்றால் மாதம் சுமார் 2,000 டாலர். அது அவர் வருமானம். கணவரின் தகுதியைத் தொடாது. ஆனால் திரும்பப் பெற முடியாததாக, பிறருக்கு மாற்றித்தர இயலாததாக, சமத் தவணையாக, அவர் எதிர்பார்ப்பு ஆயுளுக்குள் முடிவதாக இருக்க வேண்டும். அவர் இடையில் இறந்தால், மெடிகெய்டு செலவிட்ட அளவுக்கு மாநிலமே முதல் பயனாளி. ஒரு நிபந்தனை தவறினாலும் தானமாகக் கருதி அபராதக் காலம், அதாவது மெடிகெய்டு பணம் தராத காலம், விதிக்கலாம். கணவரின் வருமானத்திலிருந்து மனைவிக்குக் கிடைக்கும் மாதப்படியும் குறையலாம். இதைப் பலர் மறக்கிறார்கள்.

கடனும் பழுதான கூரையும் இருந்தால் முதல் வழியே மலிவு. சொந்த வீடு, கடனில்லை என்றால் ஆனுவிட்டி, அதுவும் முதியோர் சட்ட வழக்கறிஞர் பார்த்த பிறகு.