அப்பாவின் ஹோண்டா சி70: வீட்டில் பிரித்துக் கட்டிய எஞ்சினுடன் 4 ஆண்டுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ரப்பர் பால்வெட்டுக்குப் போக என் அப்பா ஓட்டிய ஹோண்டா சி70 மோட்டார் சைக்கிள், நீலப் புகை கக்கத் தொடங்கியபின் பல ஆண்டுகள் தாழ்வாரத்திலேயே கிடந்தது. 4 ஆண்டுகளுக்கு முன் அதன் எஞ்சினை வீட்டிலேயே பிரித்துக் கட்டினேன். அதன்பின் ஏறத்தாழ 18,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டதால், கையால் செய்த கருவிகளில் எது நிலைத்தது, எது ஏமாற்றியது என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடிகிறது.

பிரிப்பதில் கடினமானது கிளட்ச் நட்டுதான். அதை மறைத்திருக்கும் மூடியைத் திறந்தபோது, எண்ணெய்க் கசடு உட்சுவர் முழுவதும் கரும்பசையாக இறுகி, நகத்தால் சுரண்டினால் வில்லை வில்லையாக வந்தது. நான்கு காடிகள் உள்ள அந்த வட்ட நட்டுக்குரிய சாவி என்னிடம் இல்லாததால், பழைய சாக்கெட் ஒன்றின் விளிம்பை அரத்தால் ராவி நான்கு பற்களை மட்டும் மிச்சம் வைத்தேன். இரண்டு மாலைகள் பிடித்தன. நட்டைத் திருகும்போது கிராங்க் (எஞ்சினின் சுழல்தண்டு) சுழலாமலிருக்க, ஸ்பார்க் பிளக் துளை வழியாகச் சிலிண்டருக்குள் நைலான் கயிற்றைத் திணித்தேன். இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில்தான் இதைச் செய்யவேண்டும். தவறினால் வால்வு வளைந்துவிடும். வால்வு ஸ்பிரிங்கை அமுக்க, பக்கவாட்டில் வெட்டித் திறந்த தண்ணீர்க் குழாய்த் துண்டும் ஜி-கிளாம்பும் போதுமாயின. இவை மூன்றும் இன்றும் என் பெட்டியில் இருக்கின்றன.

பலம் கொடுக்கும் வேலைக்குக் கைக்கருவி போதும். அளவெடுக்கும் வேலைக்கு அது உதவாது. 47 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரை ஈப்போவில் ஒரு பட்டறையில் கடைந்து, 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட்டேன். ஆனால் 0.05 மில்லிமீட்டர் இருக்கவேண்டிய வால்வு இடைவெளியை மெல்லிய தாளை வைத்துச் சரிசெய்தது பெரும் பிழை. 900 கிலோமீட்டருக்குள் வண்டி மேட்டில் திணறியது. சூடானபின் உதைத்தாலும் எடுக்கவில்லை. சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால், புகைபோக்கி வால்வு சரியாக மூடாமல் அதன் விளிம்பு கருகியிருந்தது. புது வால்வு போட்டு, தேய்ப்புப் பசை தடவி அது அமரும் இடத்தில் தேய்த்து, மண்ணெண்ணெய் ஊற்றி ஒழுகவில்லை என்று உறுதிசெய்தபின், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் வாங்கி இடைவெளியை வைத்தேன். கிராங்கின் முனையிலுள்ள கனச் சக்கரமான பிளைவீலை இழுத்துக் கழற்றும் புல்லரையும் வாங்கிவிடுங்கள். சுத்தியலால் தட்டினால் கிராங்கின் மரை கெடும்.

அதற்குப் பின் எஞ்சினைத் திறக்கவேயில்லை. பிளாட்டினத்தின் (தீப்பொறிக்கான மின்தொடுப்பு முனைகள்) இடைவெளியை மட்டும் அவ்வப்போது 0.35 மில்லிமீட்டருக்குச் சரிசெய்கிறேன். தடித்த தாளில் நானே வெட்டிய கிளட்ச் மூடி கேஸ்கெட்டில் (கசிவைத் தடுக்கும் அடைப்புத் தாள்) இப்போது எண்ணெய் கசிகிறது. அடுத்த எண்ணெய் மாற்றத்தின்போது கடை கேஸ்கெட் போடப்போகிறேன்.